படி இறங்க முடியாத பிள்ளைக்கு

தம்பி,

நேற்று போனில், ஜிம்மில் காலுக்குப் பயிற்சி செய்ததிலிருந்து படி ஏற முடிகிறது, இறங்கத்தான் முடியவில்லை என்றாய். தொடையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று உன் கோச் சொன்னாராம். பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் விலங்கியல் நடத்தியே தலை நரைத்தவள் நான், இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேனா? மெட்ரோவில் போகும்போது படி.

உன் கோச்சைக் குறை சொல்லவில்லை, ரொம்ப காலம் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அந்த லாக்டேட் (உன் கோச் லாக்டிக் அமிலம் என்பது உடம்பில் இருப்பது இந்த வடிவில்தான்) பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கலந்து செலவாகிவிடும். மறுநாள் வலிக்கு வேறு காரணம், அதற்குக் கொஞ்சம் தசைக்குள் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி நன்றாக வெந்தால் நார் நாராகப் பிரியுமே, அந்த நார் ஒவ்வொன்றும் தசை இழைகளின் ஒரு கட்டு. ஒரு இழை என்பது ஒரே ஒரு செல்தான், தலைமுடி பருமன்கூட இருக்காது, நீளம் மட்டும் பல சென்டிமீட்டர் போகும், உட்கருவோ நூற்றுக்கணக்கில். முழுத் தசைக்கு ஒரு உறை, கட்டுக்கு ஒரு உறை, இழைக்கு ஒரு உறை, எல்லாம் முனையில் சேர்ந்து தசைநாணாகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த உறையிலும் நாணிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாவது அதனால்தான். கொலாஜன் மூன்று சரம் முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தைத் தாண்டியதே இல்லை.

அதே வருஷம் அதே இதழில்தான் தசை எப்படிச் சுருங்குகிறது என்பதும் வந்தது. அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள், ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும் எழுதியது, இன்னொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். (இரண்டு ஹக்ஸ்லிக்கும் உறவே கிடையாது. பிள்ளைகள் பரீட்சையில் அண்ணன் தம்பி என்றே எழுதித் தொலைப்பார்கள்.) இழைக்குள் நுண்ணிழைகள், அவை நெடுக சார்கோமியர் என்ற துண்டுகள், ஒவ்வொன்றும் 2 மைக்ரோமீட்டர் சொச்சம், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் 4000-க்கு மேல் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு துண்டிலும் நடுவில் மையோசின் என்ற தடித்த புரத இழை, இரண்டு பக்கத்திலிருந்தும் ஆக்டின் என்ற மெல்லிய புரத இழை. தசை சுருங்கும்போது இந்த இரண்டில் எதுவும் குட்டையாவதில்லை, ஆக்டின் நடுவை நோக்கி வழுக்கி வருகிறது, அவ்வளவுதான். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துப் பார், கயிறா சுருங்குகிறது? ஒரு கை பிடித்து இழுக்கும்போது மற்ற கை விட்டு எட்டிப் பிடிக்கிறது. மையோசினின் தலைகள்தான் அந்தக் கைகள், ஒரு மையோசின் இழையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் விடுவதில்லை.

நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற தூது ரசாயனம் கசிந்து, இழை முழுக்க மின் அலை ஓடி, உள்ளே பைகளில் அடைத்து வைத்த கால்சியம் வெளியே வரும். அது ஆக்டின் மேல் இருக்கும் ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்ட, ஆக்டினை மறைத்திருந்த ட்ரோப்போமையோசின் என்ற இன்னொரு புரதம் விலகும், தலைகள் பிடித்துக்கொள்ளும். இதுவரை எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அப்புறம்தான் கோட்டை விடுவார்கள். பிடித்த தலை ஆக்டினை விடுவதற்கும் ஒரு புது ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு, வந்து ஒட்ட வேண்டும், கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றவும் ஏடிபி வேண்டும். இழுக்க மட்டுமல்ல, தளரவும் செலவு உண்டு. உயிர் போனபின் ஏடிபி தீர்ந்து, பிடித்த பிடி விடாமல் சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும், தாடையில்தான் சீக்கிரம் தெரியும். இழவு வீட்டில் வாய்க்கட்டு கட்டு, கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டு என்று பெரியவர்கள் பறப்பதைப் பார்த்திருப்பாய்.

சரி, உன் படிக்கட்டு. பளுவோடு உட்கார்ந்து எழும்போது, உட்காரும் அந்தப் பாதியில் தொடை முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தலைகள் பிடித்திருக்க, இழை வெளியே இழுபடுகிறது. பழகாத இழைகளில் நுண்ணிய சேதம், பிறகு அதைச் சரிசெய்ய வரும் வீக்கம், அதுதான் இரண்டாம் நாள் வலி. படி இறங்குவதும் அதே மாதிரி வேலை, ஏறுவது அப்படி இல்லை. சில நாளில் போய்விடும், அடுத்த தடவை இவ்வளவு இருக்காது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் யோசிக்காமல் உடனே டாக்டரிடம் ஓடு.

குறுவை நடவில் பெண்கள் குனிந்தே நிற்கிறார்களே, அவர்கள் முதுகுத் தசை நீளுவதுமில்லை, சுருங்குவதுமில்லை, ஆனாலும் தலைகள் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு ஏடிபியைத் தின்றுகொண்டே இருக்கும். நகராததால் வேலை பூஜ்யம் என்பார் எங்கள் பள்ளி இயற்பியல் சார். அவரை ஒருநாள் சேற்றில் இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வந்த கொஞ்ச நாளிலேயே பளு கூடிவிட்டது என்று பெருமைப்பட்டாய். நல்லதுதான், ஆனால் ஆரம்ப வாரங்களில் கூடுவது பெரும்பாலும் நரம்பின் பழக்கம், அதிக இழைகளை ஒன்றாகக் கூப்பிடத் தெரிந்துகொள்கிறது. தசை பருக்க மாதங்கள் ஆகும், அதுவும் இழைகள் எண்ணிக்கையில் பெருகி அல்ல, இருக்கிற இழை தடித்துத்தான். ஒரே மாதத்தில் சட்டை கிழியும் என்று யாராவது சொன்னால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள். அப்பா அந்தப் பவுடர் டப்பாவைப் பற்றி விடாமல் கேட்கிறார், பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் படித்துச் சொல்கிறேன்.

அம்மா