வாடகைக்கு விட வீடு வாங்கப் போற மீனாவுக்கு

மீனா,

அண்ணாவுக்கு விஆர்எஸ் பணம் கைக்கு வந்துருச்சுன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம்டி, அத்தனை வருஷம் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டா ஓடுன மனுஷன் இனிமேயாவது நிம்மதியா தூங்கட்டும். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பெரியவ காலேஜ் கடைசி வருஷம், அத்தைக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீ கேட்டதுக்கு போன்ல அவசரமா ஏதாவது சொல்ல மனசு வரல, இது அண்ணாவோட மொத்த சேமிப்பு, அதான் பொறுமையா உக்காந்து டைப் பண்றேன்.

சென்னைல ஐடி கம்பெனிங்க நெறைய இருக்கற ஓஎம்ஆர் ரோட்டுல 60 லட்சம் ஃப்ளாட்டு, வாடகையே இஎம்ஐய கட்டிரும்னு புரோக்கர் சொன்னார்னு எழுதிருக்க இல்ல, அத நம்பாத மீனா. கணக்கு போட்டு பாரு. அந்த விலைக்கு பேங்க்ல அதிகபட்சம் 80 பர்சன்ட்தான் லோன், அதாவது 48 லட்சம், எட்டரை பர்சன்ட் வட்டி 20 வருஷம்னு வெச்சா மாசம் கிட்டத்தட்ட 41,700 கட்டணும். வாடகை எவ்ளோ வரும்? நீ சொன்ன மாதிரி 18,000னே வெச்சுக்கோ, மீதி 23,000க்கு மேல மாசா மாசம் உங்க கையில இருந்துதான் போகணும், அதுவும் வீடு ஒரு மாசம் கூட காலியா இல்லாம ஓடினா. கைக்காசு 12 லட்சத்தோட முடியாது, ரீசேல் ஃப்ளாட்டுன்னா முத்திரைத்தீர்வை 7 பர்சன்ட், ரிஜிஸ்ட்ரேஷன் 2 பர்சன்ட், இதுக்கே 5 லட்சத்து 40 ஆயிரம், பத்திரச் செலவுக்கு பேங்க் லோன் தராது, அப்புறம் புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயின்ட்டு எல்லாம் சேந்தா 20 லட்சத்த தொட்டுரும். சம்பளம் வர்ற வீட்டுக்கு வேணா இது தாங்கும், விஆர்எஸ் வாங்கின வீட்டுக்கு தாங்காது.

நம்ம ஊர்ல வருஷ வாடகை வீட்டு விலைல மூணு மூணரை பர்சன்ட் வந்தாலே பெருசு, அதுல வீட்டு வரி, மெயின்டனன்ஸ், ஆள் மாறும்போது பெயின்ட்டு, நடுவுல ஒரு மாசம் காலி, இதெல்லாம் கழிச்சா இன்னும் கொறையும், ஆனா லோன் வட்டி அதுல ரெண்டு மடங்குக்கு மேல. அதனால நான் சொல்றது ஒண்ணுதான், லோன் ரொம்ப சின்னதா இருக்கணும், மூணு மாசம் வீடு பூட்டிக் கெடந்தாலும் உங்க சாப்பாட்டுல கை வைக்காத அளவுக்கு. அது முடியலன்னா இப்ப வாங்கவே வேணாம், பணம் எஃப்டில கெடந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. லோன் எடுத்தா டாக்ஸ் மிச்சம்னு யாராவது சொன்னா அதையும் அப்படியே எடுத்துக்காத, புது டாக்ஸ் முறைல வட்டிய வாடகை வருமானத்துல மட்டும்தான் கழிக்கலாம், அதுக்கு மேல வர்ற நஷ்டத்த பென்ஷன்லயோ சம்பளத்துலயோ கழிக்க முடியாது, பழைய முறைலயே வருஷத்துக்கு 2 லட்சம்தான் லிமிட்.

நானா இருந்தா புது பில்டிங் பக்கமே போக மாட்டேன். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல 15, 20 வருஷம் ஆன ரெண்டு பெட்ரூம் பாப்பேன், புதுசுக்கும் பழசுக்கும் வாடகைல அவ்ளோ வித்தியாசம் இருக்காது, விலைல இருக்கும். இங்க குடி வர்றவங்க ஒரே வேலைய நம்பி இருக்கறவங்க இல்ல, நர்ஸு, ஏர்போர்ட்ல வேலை, மெப்ஸ்னு தாம்பரத்துல இருக்கற ஏற்றுமதி மண்டலக் கம்பெனி, ஸ்கூல் டீச்சர்னு கலந்து இருப்பாங்க. 2020ல கொரோனா வந்தப்போ ஐடி ஆளுங்க எல்லாம் ஊருக்குப் போயி ஓஎம்ஆர்ல வீடுங்க காலியா கெடந்தத நான் கண்ணால பாத்தேன்.

பழசுல இன்னொரு விஷயம் யூடிஎஸ். நிலத்துல உன் பங்கு எத்தன சதுர அடின்னு பத்திரத்துல இருக்கும், கட்டடம் வருஷா வருஷம் தேயும், விலை ஏறுறது அந்த மண்ணுக்குத்தான். ரெண்டு மாடி பழைய அபார்ட்மென்ட்ல 900 சதுர அடி வீட்டுக்கு 400, 450 கூட யூடிஎஸ் இருக்கும், பெரிய டவர்ல அதுல பாதி கூட வராது. ஆனா பழசுல மொட்டை மாடி ஒழுகுதா, போர்ல கோடைலயும் தண்ணி இருக்கா இல்ல லாரிதானா, அசோசியேஷன்ல பாக்கி இருக்கா, இத கீழ் வீட்டுக்காரங்ககிட்ட நீயே கேளு, புரோக்கர கூட வெச்சுக்கிட்டு கேக்காத. அப்படியே 2015லயும் 2023 டிசம்பர்லயும் வெள்ளத் தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சுன்னு கேளு, வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம்னா இத கேக்காம அட்வான்ஸே குடுக்கக் கூடாது, தரைத்தளத்துல முழங்கால் தண்ணி நின்ன வீட்டுக்கு அடுத்த வருஷமே பெயின்ட்டு அடிச்சு விக்கறாங்க.

பேப்பர் விஷயம் வக்கீல் பாப்பார், இருந்தாலும் நீ தெரிஞ்சுக்கணும். ஈசிய, அதான் வில்லங்கச் சான்ற, பதிவுத்துறை சைட்லயே சும்மா பாக்கலாம், குறைஞ்சது 30 வருஷத்துக்கு போட்டுப் பாரு. ஆனா ஈசில எல்லாம் வராதுடி, பதிவு பண்ணாம பேப்பர்ல மட்டும் எழுதின போக்கியம் அதுல இருக்காது. நம்ம ஊர்ல லீஸுன்னு மொத்தமா 6 லட்சம் 8 லட்சம் வாங்கிட்டு குடி வெச்சுருப்பாங்க, நீ வீட்ட வாங்கின அப்புறம் அவங்க என் காச குடுன்னு உன்கிட்டதான் வந்து நிப்பாங்க. அதனால குடியிருக்கறவங்கள நேர்ல பாத்து என்ன ஒப்பந்தம்னு கேட்டு, காலி பண்ணி சாவி வாங்குறதுக்கு முன்னாடி முழுப்பணம் குடுக்காத. மூலப்பத்திரம் ஒரிஜினல் கண்ணால பாக்கணும், அப்ரூவல் எத்தன மாடிக்கு, கட்டினது எத்தன மாடின்னு பாக்கணும். ஓனருக்குப் பதிலா வேற ஒருத்தர் பவர் பத்திரம் வெச்சு விக்கறாங்கன்னா எழுதிக் குடுத்தவர் உயிரோட இருக்காரான்னு கேளு, அவர் போயிட்டா பொதுவா பவரும் போச்சு. விலை 50 லட்சம் இல்ல அதுக்கு மேலன்னா 1 பர்சன்ட் டிடிஎஸ், அதாவது விக்கறவரோட வருமான வரி, அத நீதான் பிடிச்சு கட்டணும், விக்கறவர் அமெரிக்கா துபாய்னு இருந்தா அந்தக் கணக்கே வேற, நெறைய பிடிக்கணும், ஆடிட்டர கேக்காம ஒரு ரூபா குடுக்காத.

குடி வைக்கறப்போ அக்ரிமென்ட் எழுதியே ஆகணும், 2019 பிப்ரவரில இருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறைல இருக்கு, அத வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதியணும். அட்வான்ஸு வேற மாதிரி எழுதிக்கலன்னா மூணு மாச வாடகைதான். முன்னாடி மாதிரி பத்து மாசம் வாங்கி அத செலவழிச்சுட்டு, காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்க அலையற ஓனருங்கள பாத்தா எனக்கு கோவமா வரும், அது நம்ம காசு இல்ல, தனியா போட்டு வைக்கணும். 500 ரூபா கூட வருதுன்னு ஆள மாத்திட்டே இருக்காத, ஒழுங்கா கட்டுற குடும்பம் நாலு வருஷம் இருந்தா அதுல மிச்சமாகுற பெயின்ட்டு, கமிஷன், காலி மாசம் எல்லாம் அந்த 500க்கு மேல. ஜாதி கேட்டு, என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டு வீடு குடுக்கறத மட்டும் நீ செய்யாத மீனா, நம்ம ரெண்டு பேரும் படிச்சப்போ ரூம் தேடி அலைஞ்சது எனக்கு இன்னும் மறக்கல.

அந்த ஓஎம்ஆர் ஆள் டோக்கன் 1 லட்சம் கேக்கறார்னா இந்த வாரம் வேணாம்னு சொல்லிரு, இன்னொருத்தர் வந்து நிக்கறாங்கன்னு கண்டிப்பா சொல்வார், நிக்கட்டும். ஈசியும் பத்திரத்தோட போட்டோவும் எனக்கு அனுப்பு, இங்க எங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டிட்டு சொல்றேன். தை மாசம் அண்ணாவையும் கூட்டிட்டு வா, எங்க வீட்லயே தங்குங்க, குரோம்பேட்டைல நாலு வீடு ஒண்ணா போயி பாக்கலாம், அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு மறக்காம எழுது.

அன்புடன்,
கோமதி