பெரிய காலிப்பருக்கு முன்னால் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேஸ் டிராக்கில் ஓட்ட விரும்பும் ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் முதல் வேலையாக ஆறு பிஸ்டன் காலிப்பரும் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது பேடு எனும் உராய்வுக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் பகுதி) துளையிட்ட பெரிய டிஸ்க்கும் வாங்கிவிட வேண்டும் என்று சென்ற இதழின் மோட்டார் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரிசை தலைகீழானது என்பதை, அதே வரிசையில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு விழித்துக்கொண்டவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது சுமார் 1,300 கிலோ எடையுள்ள, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய பழைய கார். எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே மூன்றாவது கியர் விழுவதே அபூர்வம் என்பதால், அதை மனம்போல ஓட்ட வேண்டுமானால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோவை செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்குக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அதையும் தாண்டி, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு. முதல் முறை போகும்போதே துளையிட்ட டிஸ்க்குகளை மாட்டியிருந்தேன். ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில், மிதித்த பெடல் காலுக்கு எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை இறங்கியது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது; புல்லில் இறங்கி நின்றேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒன்றுமே நடவாததுபோலப் பெடல் பழைய உயரத்தில் நிற்கிறது! உடன் வந்திருந்த மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்து நிப்பிளில் ட்யூப்பைச் செருகி ஏர் எடுத்தபோது (பிரேக் ஆயிலோடு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியபோது), கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஆயில் வந்தது, இடையிடையே குமிழிகள். “இத எப்போ மாத்தினது தம்பி?” என்று கேட்டார். எனக்கு நினைவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 (DOT 4) என்ற தரவகை ஆயில் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே தரம் தேறியதாகக் கணக்கு. காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால், நம் மிதி அந்த ஆவியை அழுத்துவதிலேயே தீர்ந்துபோகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடல் சரியானதுபோலத் தோன்றும். அதை நம்பி மறுபடி டிராக்கில் இறங்குவதுதான் ஆபத்து. இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள எங்கள் மாவட்டத்தில், ஆனிச் சாரலில் மூடி திறந்து கிடந்த பாதிப் போத்தலைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு ஊற்றுகிற பழக்கத்தையாவது விட்டுவிட வேண்டும். டாட் 5.1 என்றால் புதிதில் 260, ஈரம் ஏறிய பின் 180 டிகிரி. டாட் 5 என்பது சிலிக்கான். பெயர் ஒற்றுமையைப் பார்த்து அதை இவற்றோடு கலந்துவிடக் கூடாது.

வெப்பத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். என் கார் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்குக் குறையும் ஒவ்வொரு முறையும், கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் பிறக்கிறது. அதில் பெரும்பங்கு டிஸ்க்குகளில்தான் இறங்குகிறது. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பெரிய டிஸ்க்கின் உண்மையான பயன் இந்த வெப்பத்தைத் தாங்குவதே. ஒரே ஒரு முறை மிதித்து நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. பழைய பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை இயக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், காலிப்பரின் அளவு அந்தத் தூரத்தைக் குறைக்கப் போவதில்லை. முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்பின் சமநிலையும் கெடும். நான் வாங்கிய துளையிட்ட டிஸ்க்குகளிலோ, இரண்டாவது பயணத்திலேயே துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன. விற்ற கடைக்காரர் அவற்றை அழகு என்று சொன்னது உண்மைதான்.

ஆயிலுக்கு அடுத்து பேடு. மிதி கல்போலக் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் தோற்றுவிட்டது என்று பொருள். மிதி பஞ்சுபோல இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. இந்த வேறுபாட்டை உங்கள் கட்டுரை குறிப்பிடவே இல்லை. டிராக் பேடுகள் சூடேறினால்தான் பிடிக்கும். எங்கள் ஊர் வடசேரி நெரிசலில் அவற்றோடு ஓட்டினால் கிறீச்சிடும் சத்தத்துக்கு ஊரே திரும்பும், அவசரத்துக்கும் பிடிக்காது. ஆகவே கோவை வரை சாதாரணப் பேடில் போய், அங்கேதான் மாற்றிக்கொள்கிறேன். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுவதும், நிறுத்தியவுடன் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைப்பதும் காசில்லாத வேலைகள்.

இத்தனையும் செய்த பிறகும் பிரேக் சூட்டைத் தாங்கவில்லை என்றால் பெரிய காலிப்பர் வாங்கலாம். அப்போதும் சாலையில் ஓடும் வண்டியாயின் வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றிய, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் காப்பீட்டு நிறுவனத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது. அடுத்த இதழில் காலிப்பர் விலைப்பட்டியலின் தொடர்ச்சி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன், ஆயில் மாற்றி ஏர் எடுக்கும் முறையைப் படங்களுடன் ஒரு பக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்.