அம்மாவுக்கு, கிளாஸ்கோவிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

மைனி எழுதிய கடிதம் கிடைத்தது. "இருக்கிறானா இல்லையா என்று ஒரு வரி எழுதச் சொல்" என்று நீங்கள் சொன்னதை ஓர் எழுத்து குறையாமல் எழுதியிருக்கிறார். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது தப்புத்தான்.

நான் இங்கே கால்பந்து விளையாடுவதாகப் பெரியம்மா ஊரெல்லாம் சொல்கிறாராமே! விளையாடுகிறவர்களுக்குச் சாமான் பார்க்கிறவன் நான். சட்டைகளைத் துவைத்து எண் வரிசையில் மாட்ட வேண்டும். பூட்ஸில் சேறு சுரண்டி, உள்ளே செய்தித்தாள் திணித்துக் காயவைக்க வேண்டும். ரத்தம் பட்ட சட்டையோடு ஆட விடமாட்டார்கள். அதற்கென்று எண் இல்லாத சட்டை ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்கும். பந்து 410 முதல் 450 கிராம் இருக்க வேண்டும். சூடான அறையில் காற்றடித்து வெளியே கொண்டுபோனால் குளிரில் தொய்ந்துவிடும், மறுபடி பம்பை எடுக்க வேண்டும். சின்னத்துறை மணலில் ஒட்டுப்போட்ட பந்தை மூன்று வருடம் உதைத்தவனுக்கு இந்த உபசாரமெல்லாம் வேடிக்கைதான்.

நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது, மெழுகு பூசி விற்கிறார்கள். சாளை கிடைத்தாலும் குழம்பு உங்கள் குழம்பாக வரவில்லை.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கோல் வலையில் தலை நுழைகிற அளவு கிழிசல். எல்லோரும் டேப் தேடி ஓடினார்கள். நான் கெட்டி அட்டையில் ஊசி வெட்டி, நைலான் கயிறு சுற்றி, அப்பா சொல்லித்தந்தபடி கண் கண்ணாக முடிச்சுப் போட்டேன். மேனேஜர் இழுத்துப் பார்த்துவிட்டு எங்கே படித்தாய் என்றார். திண்ணையில் அப்பா கால்விரலில் வலையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்துவிட்டது. குளிரில் கண் கலங்குகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

சம்பளம் ஒழுங்காக வருகிறது. கிறிஸ்துமஸுக்கு அனுப்புவது மட்டும் கொஞ்சம் குறையும், கோட்டு வாங்கிவிட்டேன். போன வருடமும் கோட்டுதானே வாங்கினான் என்று மைனி கேட்பார். அது பழசாகிவிட்டது என்று சொல்லுங்கள்.

அண்ணன் விசைப்படகில் பங்கு எடுப்பதை ஈஸ்டர் வரை தள்ளிப்போடட்டும், வட்டிக்கு வாங்க வேண்டாம். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்த இரவை அவன் மறந்திருந்தாலும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கைக்கு வந்த குளச்சல் சம்பந்தம் என்ன ஆயிற்று? மைனி அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாமா மகன் ஜனவரியில் இங்கே திரும்பும்போது அப்பாவின் வலையூசி ஒன்று கொடுத்தனுப்புங்கள். பெரியது வேண்டாம், நடுத்தரம் போதும்.

உங்கள் மகன்