எங்கள் மரத்தைப் பற்றி எழுதியதை எங்களுக்கும் படிக்கக் கொடுங்கள்

கொங்கு நாட்டில் வேளாண் ஆராய்ச்சி செய்யும் அறிவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்துப் பண்ணையம் பார்க்கிறவன் நான். உங்களில் பலர் எங்கள் பக்கத்துத் தோப்புகளுக்கு வந்திருக்கிறீர்கள். ஓலையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள், வேரடி மண்ணை எடுத்தீர்கள், மரத்துக்கு மரம் பெயின்ட்டில் எண் போட்டீர்கள். நாங்களும் இளநீர் வெட்டிக் கொடுத்து, கூடவே நடந்து வந்தோம். எடுத்துப் போனதிலிருந்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை மட்டும் எங்களால் படிக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சுருள் வெள்ளை ஈ வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது. 2016-ல் இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது நம்முடைய பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தில்தான். ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டை வைக்கும், சாற்றை உறிஞ்சும். அது விடுகிற பிசுபிசுப்பான கழிவு கீழே இருக்கும் ஓலையிலும் ஊடுபயிரிலும் வடிந்து கரும்பூசணம் பிடிக்கும். அடுத்த வருஷம் எங்கள் தோப்புக்கும் வந்துவிட்டது. உள்ளே போனால் வாழை, பாக்கு எல்லாம் கரி பூசி நிறுத்தியது போல இருந்தன.

அப்போது போனில் வந்த யோசனைகளுக்குக் கணக்கே இல்லை. சோப்புத்தூளைக் கரைத்து அடி என்றது ஒன்று. வேரில் மருந்து கட்டு என்றது இன்னொன்று. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று ஒருவர் நாலு நிமிடம் பேசி அனுப்பியிருந்தார். மைதா மாவைக் கரைத்துத் தெளித்தால் கரும்பூசணம் காய்ந்து உதிரும், பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள் என்றும் ஒரு செய்தி வந்தது. எல்லாவற்றிலும் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது இதைப் பார்த்துத்தான். பரோட்டாவுக்குப் போடும் மாவைத் தென்னை மரத்துக்கு அடிப்பதா? நான் கடையில் விலை கூடின பூச்சிக்கொல்லியாகக் கேட்டு வாங்கி, ஆள் விட்டு இரண்டு தடவை அடித்தேன்.

உங்கள் பரிந்துரையில் மைதா இருந்தது என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. என்கார்சியா என்று ஒரு ஒட்டுண்ணிக் குளவி, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாதது, இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதை அழித்துக்கொண்டிருந்தது. நான் அடித்த மருந்து அந்தக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. அடுத்த கோடையில் ஈ முன்னைவிட அதிகமாக ஏறியது. கையில் காசில்லாமல் எதுவும் அடிக்காமல் விட்ட பக்கத்துத் தோப்புக்காரர் என்னைவிடச் சீக்கிரம் தேறினார்.

அந்தச் செய்தியை நான் ஏன் நம்பவில்லை என்று பல நாள் யோசித்தேன். நல்ல யோசனையும் வதந்தியும் ஒரே மாதிரி உடுப்பில்தான் வருகின்றன. ஊர் பெயர் இருக்காது, தேதி இருக்காது, யார் எங்கே செய்து பார்த்தார்கள் என்று இருக்காது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான்: சொன்னது எங்கிருந்து புறப்பட்டது என்று மூலத்தைப் போய்ப் பார்ப்பது. சரி என்று ஒருநாள் உட்கார்ந்து தேடினேன். ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை இருந்தது. தலைப்பும் சில வரிச் சுருக்கமும் தெரிந்தன. மீதியைப் படிக்க டாலரில் பணம் கேட்டது. அன்றைய விலைக்கு இருநூறு காய் விற்றால் வருகிற பணம்.

மைத்துனர் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "வேற வழியில எடுத்துத் தரட்டுமா மாமா?" என்று கேட்டான். அவன் சொன்னது, பதிப்பகத்திடம் அனுமதி வாங்காமல் ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகக் கொடுக்கும் சை-ஹப் இணையதளத்தை. அதன் மேல் பெரிய பதிப்பகங்கள் 2020-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2025-ல் இந்தியாவில் அதை முடக்க உத்தரவு வாங்கின. அந்தச் செய்தி வந்தபோது திருட்டு ஒழிந்தது என்று ஒரு பக்கம் பேசினார்கள், அறிவுக்கு வேலி போடாதே என்று இன்னொரு பக்கம் பேசினார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. அடுத்தவன் தோப்பில் காய் பறிப்பது தப்பு என்று சொல்லி வளர்த்தவர்கள் எங்கள் வீட்டார். ஆனால் இது எங்கள் ஊர் ஓலையை வெட்டி, எங்கள் வரிப்பணச் சம்பளத்தில் செய்த ஆய்வு. அதைப் படிக்க ஒருவன் திருடனாக வேண்டியிருக்கலாமா?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்தக் கதவு அரசுக் கல்லூரி, ஆராய்ச்சி நிறுவன வளாகத்தோடு நின்றுவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா, கிருஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியங்களில் கிடைக்கின்றன. நானே சிலவற்றை இறக்கிப் படித்திருக்கிறேன். முன்னூறு பக்க ஆங்கிலத்தில் எனக்கு வேண்டிய அரைப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் பாளை விரிந்துவிடும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில்கூடப் பதிப்புரிமையையும் காப்புரிமையையும் ஒன்றாகப் போட்டு எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புக்குக் கொடுப்பது காப்புரிமை. எழுதிய எழுத்துக்கு உரியது பதிப்புரிமை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன முறைக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றமே 1978-ல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் ஆங்கிலக் கட்டுரையின் உரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், கண்டறிந்த விஷயத்தை உங்கள் சொந்த வார்த்தையில் தமிழில் எழுத எந்தப் பதிப்பகமும் தடை போட முடியாது. இதை உங்களில் சிலரிடம் நேரில் சொன்னபோது, "அப்படிங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் இந்த மடலை எழுதவேண்டும் என்று தோன்றியது.

எழுதித் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்களுக்கு ஒரு கதை தெரியும். புண்ணில் மஞ்சள் வைத்தால் ஆறும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கால் வெடிப்புக்கு வைத்ததும் அதே மஞ்சள்தான். ஆனால் அமுச்சிக்குத் தெரியும் என்று சொன்னால் அந்த அலுவலகத்தில் எடுபடாது, அச்சில் காட்ட வேண்டும். நம்முடைய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துக் கொண்டுபோய் வைத்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதி, எடுத்துப் பார்க்கும்படி வைத்த தாள் அது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட பிறகு உங்கள் கையில் இருக்கும் கையெழுத்துப் பிரதியை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் போடுங்கள். பல இதழ்கள் சில மாதம் கழித்து இதை அனுமதிக்கின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே இதற்குக் கொள்கை வகுத்துவிட்டது. அப்புறம், ஒவ்வொரு ஆய்வுக்கும் தமிழில் ஒரே ஒரு பக்கம். எந்த ஊர்த் தோப்பில், எந்த மாதம், எத்தனை மரத்தில் செய்தீர்கள், எது பலித்தது. பலிக்காததையும் மறக்காமல் எழுதுங்கள், எங்களுக்குக் காசு மிச்சமாவது அதில்தான். அடியில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று போடாமல், யாரும் நகலெடுக்கலாம் என்று ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டுவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒட்டுவோம், ஜெராக்ஸ் எடுத்துச் சந்தையில் கொடுப்போம்.

பதவி உயர்வுக்கு ஆங்கில ஆய்விதழ்தான் கணக்கு, தமிழ்ப் பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பீர்கள். உண்மைதான். எழுதியவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் இலவசமாகப் படிக்கக் கொடுக்கும் திறந்த இதழில் போட உங்கள் கையிலிருந்து பணம் கட்டுங்கள் என்றும் நான் கேட்கமாட்டேன். மதிப்பெண் விஷயத்தை உங்கள் நிர்வாகத்திடம் பேசுங்கள். விவசாயிகள் கையெழுத்து வேண்டுமென்றால் வாங்கித் தருகிறோம்.

இப்போது ஏன் அவசரப்படுகிறேன் என்றால், வேர் வாடல் நோய் வந்துவிட்டது. 1882 வாக்கில் கேரளத்தில் கவனிக்கப்பட்ட நோய், இன்று எங்கள் பக்கம் மரங்களை வெட்டிச் சாய்க்க வைத்திருக்கிறது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருகிறது, குணமாக்க மருந்து இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். போனைத் திறந்தால் ஒரே வாரத்தில் குணம் என்று விளம்பரம் வருகிறது. எங்கள் பையன்கள் செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் கேட்கிறார்கள். தமிழில் திறந்து கிடப்பது அந்த விளம்பரம் மட்டும் என்றால், அதுவும் அதைப் படித்துத்தான் பதில் சொல்லும்.

தமிழில் தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்றால் நான் செய்து தருகிறேன். தோப்பு வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் எனக்கு நேரம் உண்டு. முதல் பக்கம் வேர் வாடலைப் பற்றி இருக்கட்டும். நோய் வந்த மரத்தை எந்த நிலையில் வெட்டவேண்டும், பக்கத்து மரத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் தோப்பில் ஏழாவது வரிசையில் மூன்று மரத்துக்கு ஓலை மடங்கத் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை வட்டம்