மணி சொல்லும் மருத்துவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1959-இன் பல்லாரட் நகரில் நடப்பதாக வரும் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, உடையும் காரும் அச்சு அசலாக அந்தக் காலத்தவை என்று பாராட்டுகிறது. இருக்கட்டும். ஆனால் இந்த வகைத் தொடர்களில் போலீஸ் மருத்துவர் சடலத்தின் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இறந்தது இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்" என்று அறிவிக்கிறாரே, அது எந்தக் காலத்துக்கும் பொருந்தாது.

இறந்த நேரத்தைக் கணிக்க முதலில் சடலத்தின் வெப்பத்தை அளக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதில் கோடே கிடையாது. 0 முதல் 50 வரை காட்டும் நீண்ட ஆய்வகத் தெர்மாமீட்டரை ஆசனவாய்க்குள் சுமார் 10 செ.மீ. செலுத்தி, பாதரசம் நிலைத்த பின் குறிக்க வேண்டும். கூடவே அறையின் வெப்பத்தையும் குறிக்க வேண்டும். பாலியல் வன்முறைச் சந்தேகம் இருந்தால், முதலில் பஞ்சில் மாதிரி எடுத்த பிறகுதான் இதெல்லாம்.

சடலத்தின் வெப்பம் மணிக்கு 1.5 டிகிரி பாரன்ஹீட் இறங்கும் என்பது பழைய கணக்கு. நம்பினால் காலை வாரும். இறந்த பின் சிறிது நேரம், சில சமயம் சில மணி நேரம்கூட, வெப்பம் இறங்காமலே நிற்கும்; பிறகு வேகமாக இறங்கி, அறை வெப்பத்தை நெருங்கும்போது மந்தமாகும். பல்லாரட்டின் ஜூலைக் குளிரில், கணப்பு எரிந்த அறையில் கிடந்த உடலும் கொல்லையில் கிடந்த உடலும் ஒரே நேரத்தில் இறந்திருந்தாலும் வெவ்வேறு மணி சொல்லும். உடல் எடை, உடை, காற்று எல்லாவற்றையும் சேர்த்து 1988-இல் ஜெர்மன் தடய மருத்துவர் ஹென்ஸ்கே இறந்த நேரத்தைக் கணிக்க வகுத்த கணக்குப்படமே, எல்லாம் கூடிவந்தாலும் முன்பின் 2.8 மணி நேரம் விட்டுவைக்கிறது. மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல்!

இறந்த பின் தசைகளில் வரும் விறைப்பும் அப்படித்தான். குளிர்ந்த ஊரில் தாடையில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கி, உடல் முழுக்கப் பரவ பன்னிரண்டு மணி நேரம்போல ஆகும். சாகுமுன் ஓடிப் போராடியவருக்கு முந்திவிடும். நம் ஊர்க் கோடையில் வருவதும் விரைவு, போவதும் விரைவு. முழுதாக விறைத்த கையை யாராவது மடக்கிவிட்டால் அது மறுபடி விறைக்காது. சடலத்தைப் புரட்டிய கான்ஸ்டபிள் அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் ஏமாறுவார். உருப்படியான துப்பு ரத்தப் படிவில், அதாவது இறந்த பின் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் தேங்கித் தோலில் படியும் நிறத்தில், இருக்கிறது: மல்லாந்து கிடக்கும் உடலின் மார்பில் ஊதா நிறம் படிந்திருந்தால், யாரோ பல மணி நேரம் கழித்துப் புரட்டியிருக்கிறார்கள். கதாசிரியர்கள் இதை ஏனோ அதிகம் தொடுவதில்லை.

அதே 1959-இல் கனடாவின் கிளின்டன் என்ற சிற்றூரில் நடந்ததைப் பாருங்கள். 12 வயதுச் சிறுமியின் உடல், காணாமல்போய் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. இரைப்பையில் இருந்த உணவை முக்கியமாக வைத்து, மாலை 7.15-லிருந்து 7.45-க்குள் இறந்தாள் என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். அந்த நேரம், அன்று மாலை அவளோடு காணப்பட்ட 14 வயது ஸ்டீவன் ட்ரஸ்காட்டின் மேல் போய் விழுந்தது. தூக்குத் தண்டனை, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைப்பு, 1969-இல் பரோல். குற்றவாளி இல்லை என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2007 ஆகிவிட்டது. இரைப்பை காலியாகும் வேகம் ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு மாறும். பயத்திலும் காயத்திலும் செரிமானம் நின்றே போகும். அரை மணி நேரத் துல்லியம் அதில் எங்கிருந்து வரும்?

பல்லாரட் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலும் அப்போது தூக்கு உண்டு. கடைசியாக நிறைவேற்றியது 1967-இல். எனவே தொடரின் மருத்துவர், "நேற்று மாலை ஆறுக்குப் பிறகு, விடிவதற்குள். இதற்கு மேல் கேட்காதீர்கள்" என்று சொல்லட்டும். கதைக்கும் அது லாபம்தான்: சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு மடங்காவார்கள். கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார், வாசலில் வைத்த பால் பாட்டிலை யாராவது எடுத்தார்களா என்று இன்ஸ்பெக்டரும் தெருத்தெருவாக அலைவார்.

– தடய மருத்துவம் கற்பிக்கும் வாசகர், திருச்சி