கிழக்கு விரிகுடாவில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹேவர்டிலும் ஃப்ரீமாண்டிலும் வீடு பார்க்கப் போகும்போது, நடைபாதை ஓரக்கல் ஓரிடத்தில் வெட்டி நகர்த்தியதுபோல் விலகியிருப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வூர்களின் அடியில் ஓடும் ஹேவர்டு நிலப்பிளவின் இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி மெல்ல ஊர்வதன் அடையாளம் அது. இப்படி ஊர்ந்தே அழுத்தம் தீர்ந்துவிடும், பெரிய நிலநடுக்கம் வராது என்று நம்மவர் கூடும் இடங்களில் சொல்லப்படும் ஆறுதல் பாதிதான் உண்மை.

நெடுங்காலச் சராசரியில் இப்பிளவின் இரு பக்கங்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். தரைமட்டத்தில் அளக்கப்படும் ஊர்தலோ பெரும்பாலான இடங்களில் 5 மில்லிமீட்டர் அளவே. அதற்கும் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்தில், பாறைகள் இறுகிக் கிடக்கும் திட்டுகளில் ஊர்தல் மிகக் குறைவு. அத்திட்டுகளில், கடைசிப் பெரிய நிலநடுக்கம் வந்த 1868 அக்டோபர் 21க்குப் பின் நகராமல் சேர்ந்திருக்கும் பாக்கி, ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் என்று பெருக்கிப் பார்த்தால், 1.4 மீட்டரை ஒட்டி வருகிறது. அன்று நிகழ்ந்த, ஏறத்தாழ 6.8 அளவுள்ள நிலநடுக்கத்தில் சுமார் 30 பேர் இறந்தனர். ஃப்ரீமாண்ட் பார்ட் ரயில் நிலையத்தை அடுத்த குட்டையருகே குழி வெட்டி மண்ணடுக்குகளை ஆராய்ந்தவர்கள், இத்தகைய பெரிய நிலநடுக்கங்களில் கடைசி ஐந்தும் சராசரியாக 140 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்திருப்பதைக் கண்டார்கள்.

ஊர்தல்கூட ஒரே சீராக நடப்பதில்லை. 1989இல் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் பக்கத்துப் பாறைகளின் அழுத்தத்தை மாற்றியதும், தெற்கு ஃப்ரீமாண்டில் ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் வரை இருந்த ஊர்தல் நின்றுபோய், 1996இல்தான் மீண்டும் தொடங்கியது. நின்றதைப் பார்த்து நிம்மதியடைவதும் ஊர்வதைப் பார்த்து நிம்மதியடைவதும் ஒரே பிழைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செயல்படும் பிளவின் மேல் புதிய வீடு எழுப்புவதை கலிஃபோர்னியாவின் 1972ஆம் ஆண்டு அல்குவிஸ்ட்-பிரியோலோ சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அச்சட்டப்படி பிளவையொட்டி வரையப்பட்ட மண்டலத்தில் வீடு இருந்தால் விற்பவர் அதைத் தெரிவித்தாக வேண்டும். கையெழுத்திடும் தாள்க்கட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பிளவுக்கோட்டின் மேலேயே நிற்கும் வீட்டை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கினால் குலுங்கலைத் தாங்க உதவும்; நிலம் இரண்டாக விலகுவதை அது தடுக்காது. கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளுக்கு ஊர்தலால் தொல்லையில்லை, ஆனால் குலுங்கல் உண்டு. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கச் சேதம் அடங்காது என்பதால், அதற்கான தனிக் காப்பீட்டின் விலையையும் மாதத் தவணைக் கணக்கில் இப்போதே சேர்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஃப்ரீமாண்ட்வாசி ஒருவர்