ஃபிலிம் பெட்டியைத் திறந்து பார்த்து அனுப்பியது பற்றிப் புகார்

சத்துவாச்சாரி,
வேலூர்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

சென்ற மாதம் உங்களிடம் 4×5 அங்குலக் கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிம், 25 தாள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். வந்தபோதே சீல் அறுந்து, அதன் மேல் செலோடேப் ஒட்டியிருந்தது. அன்றைக்கே திருப்பியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை, அது என் தப்புதான்.

கரிகிரி மண்கூஜா ஒன்றையும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் நாலையும் ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்தேன். காம்பிலுள்ள முள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டுமென்று லென்ஸின் துளையை எஃப் 32க்குச் சுருக்கினேன். ஒளி மீட்டர் 8 நொடி காட்டியது. கிட்டப் போய் பெல்லோஸை, அதாவது கேமராவின் துருத்தியை, நீட்டியதால் அது 16 ஆனது. நேரம் நீள நீள வெளிச்சத்தை வாங்குவதில் ஃபிலிம் சோம்பிவிடும், அதற்கும் சேர்த்து அரை நிமிடத்துக்கு மேல் கொடுத்தேன். இப்படி மூன்று தாள். கழுவிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கிறது. கூஜாவின் கைப்பிடியே காணோம்.

கேமராவில் ஓட்டை இருக்கும் என்று பதில் போட்டீர்கள். ஃபிலிமை வைத்துக் கேமராவில் செருகும் ஹோல்டரின் விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கும் ஃபிலிம் ஓரத்தில் கேமரா வெளிச்சம் படாது. வெளிச்சம் பட்ட இடம்தான் நெகட்டிவில் கறுக்கும், அதனால் அந்த ஓரம் கறுக்காமல் தெளிவாக இருக்க வேண்டும், இதில் அதுவும் கறுத்திருக்கிறது. சரி, எதற்கும் பார்ப்போம் என்று கேமராப் பக்கமே காட்டாத ஒரு தாளை எடுத்து நேரே டெவலப்பரில் போட்டேன். அதே பக்கம், அதே கறுப்பு. என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ பெட்டியை வெளிச்சத்தில் திறந்திருக்கிறார்கள்.

அப்புறம், பெட்டியைத் திறக்கும் வீடியோ இல்லாததால் பணம் தர முடியாது என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டில், மூலையிலுள்ள வெட்டுக்குறியை விரலால் தடவித்தான் எது முன்பக்கம் என்றே கண்டுபிடிக்கிறோம். வீடியோவுக்காக லைட்டைப் போட்டால் நானே கெடுத்ததாகிவிடும்.

15 நாளுக்குள் முழுப் பணமோ, சீல் உடையாத வேறு பெட்டியோ வர வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்வேன், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நெகட்டிவ்களின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மீதி 21 தாளை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். வருகிறவர் தாராளமாகத் திறந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்